மூன்று மணிக்கு ஏறும் பக்கங்கள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். பிரிண்டர் சர்வீஸ் பார்க்கிறவன் நான். பதினேழு வருடமாக மதுரையில் நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் தல்லாகுளத்தில் ஒரு பழைய ஆபீஸின் மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டேதான் ஏறினேன்.

அங்கே எல்லோருக்கும் சேர்த்து ஒரே பிரிண்டர். ஆளுக்கொரு நம்பர். நம்பரை அழுத்தினால்தான் தாள் வரும். யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்று மெஷினே குறித்துக்கொள்ளும். மூன்று மாதமாக, தினமும் மூன்று மணிக்கு, விஜயம் மேடம் பெயரில் நாற்பது பக்கம் கணக்கில் ஏறுகிறதாம். தலைவலி என்று லீவு கேட்டும் கிடைக்காமல், மேஜையிலேயே சாய்ந்து அந்த அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது.

மேனேஜர் விஸ்வேஸ்வரனுக்கு ஜோசபின் மேல் சந்தேகம். விஜயம் மேடத்தின் நாற்காலியில் இப்போது உட்காருகிற பெண் அவள்.

"டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுங்க. அவதான்னு தெரிஞ்சா, திங்கக்கிழமையே வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"சத்தியமா நான் இல்லண்ணே" என்றாள் ஜோசபின். "வீட்டுல வேலைக்குப் போறது நான் ஒருத்திதான்."

"அழுகாத, பாத்துருவோம்."

எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்தேன். பிரிண்டருக்கு வரும் நெட்வொர்க் கேபிளையும் உருவினேன். ஜோசபினை அவள் நம்பரை அழுத்தச் சொல்லி, பத்துப் பக்கம் நகல் எடுத்தேன். சரியாகப் பத்து ஏறியது.

மணி மூன்று.

மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது.

தாள் தாளாக வந்து விழுந்தது. ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை. புழுக்கமான அந்த அறையில், தலைவலித் தைலத்தின் வாசம் காரமாக எழுந்தது.

"இது விஜயம் மேடம் பூசுறது" என்று ஜோசபின் கிசுகிசுத்தாள்.

திரையில் அவர் பெயர்தான் நின்றது.

ஐயோ! அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மாதாமாதம் இங்கே சர்வீசின்போது நான் எடுக்கும் டெஸ்ட் பக்கங்களை உயிரோடு இருக்கிறவர் பெயரில் ஏற்றினால் சண்டைக்கு வருவார்கள். செத்தவர் பெயரில் ஏற்றினால் யார் கேட்பார்? அதற்காகவே அந்த அம்மாவின் நம்பரை அழிக்காமல் வைத்திருந்தேன். செத்த பிறகும் அவரை வேலை வாங்கியவன் நான்.

அதைச் சொன்னால் என் பிழைப்புப் போய்விடும். அந்த நம்பரை அழித்தேன். ஓட்டம் பாதியில் நின்றது. 'மெஷின் கோளாறு, சரிசெய்யப்பட்டது. இனி ஏறும் கணக்கு அவரவர் எடுத்ததே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜோசபின் கையெடுத்துக் கும்பிட்டாள். வெட்கமே இல்லாமல் நானும் தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மேல் போன் வந்தது.

"அண்ணே..." என்றாள் ஜோசபின். "நான் மெஷின் பக்கமே போகலண்ணே. இப்ப என் பேர்ல ஏறுது."

"எம்புட்டு?"

"நாப்பதத் தாண்டிருச்சு. நிக்கவே மாட்டேங்குது."

"மேனேஜர் எங்கம்மா?"

"எதுத்தாப்லதான் நிக்கிறாரு. நீங்க எழுதுன ரிப்போர்ட்ட என்னைய வாசிக்கச் சொல்றாரு."

'இனி ஏறும் கணக்கு அவரவர்...' என்று அவள் வாசிக்கத் தொடங்கினாள். பின்னால் தாள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.