காற்று நின்ற வேளை

காற்று நின்றுவிட்டது. அதுதான் கலைமகளுக்குச் சரியாகப் படவில்லை. மத்தியானத்திலிருந்து தென்னைகளை வேரோடு சாய்த்து, கூரை ஓடுகளைச் சருகுபோல் அள்ளிப்போன புயல் சட்டென்று ஓய்ந்து, முறிந்த மட்டைகளின் பச்சை வாடையும் கடலின் உப்பும் கலந்த புழுக்கத்தை அதிராம்பட்டினத்துக்கு மேற்கே இருந்த அந்தத் தோப்பு வீட்டுக்குள் நிரப்பிவிட்டிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கொட்டகையில் கன்று கத்தியது.

"போய் அவுத்து விட்டுட்டு வா கலை," என்றான் அவள் கணவன் குணசேகரன்.

"காத்து நின்னாலும் வெளியில வராதீங்கன்னு மைக்குல சொல்லிட்டுப் போனாங்களேங்க. எதிர்ப்பக்கமா திரும்ப அடிக்குமாம்."

"அதுக்குள்ள வந்துடலாம். வாசல்லயே டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்கிறேன். என்மேல நம்பிக்கை இல்லியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் இவ்வளவு கனிவாகப் பேசியதே இல்லை. அந்தக் கனிவுக்காகவே இறங்கினாள்.

முழங்கால் தண்ணீரில், விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தை நம்பி நடந்தாள். நனைந்த கயிறு இறுகிக் கிடந்தது. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கன்று வீட்டுப் பக்கம் ஓரெட்டு வைத்தது. எதையோ கண்டு மிரண்டு, தோப்புக்குள் ஓடியது.

வெளிச்சம் அணைந்தது.

தாழ்ப்பாள் விழும் சத்தம்.

ஓடிவந்து கதவைத் தட்டினாள். "ஏங்க! நான்தாங்க!"

உள்ளே ஒரு பெண் கேட்டாள்: "யாருங்க தட்டுறது?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அது கலைமகளின் குரல்.

"யாருமில்ல. காத்து," என்றான் குணசேகரன்.

ஜன்னலுக்கு ஓடினாள். ஒரு கதவு பெயர்ந்து தொங்கியது. உள்ளே, விளக்கருகே, ஒருத்தியின் ஈரத்தலையை அவன் துவட்டிக்கொண்டிருந்தான். அவள் கட்டியிருந்தது கலைமகள் கட்டியிருந்த அதே சேலை. முந்தானையிலிருந்து சேறு சொட்டியது.

"என்னைப் பாருங்க," என்று வெளியிலிருந்து கத்தினாள் கலைமகள்.

பார்த்தான். நேராக. கண்ணில் பயமில்லை. ஆச்சரியமும் இல்லை. தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறான்.

தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் துவட்டினான். பூப்போல.

தெற்கே ஓர் இரைச்சல் எழுந்தது. தென்னைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. தூரத்தில். பிறகு கிட்டத்தில்.

அந்தப் பெண் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். நீரில் ஊறி வெளுத்த விரல்கள் கதவை மெல்ல இழுத்தன.

"இப்பதாங்க குளிரு விட்டுச்சு," என்றாள் உள்ளே பார்த்து.

மூடும் இடுக்கில், கலைமகளின் முகம் கலைமகளைப் பார்த்துச் சிரித்தது.