அப்பா வெட்டிய இரண்டு வரிசை

அப்பா தப்பான வயலில் கரும்பு வெட்டிவிட்டார்.

அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. விடிந்ததிலிருந்து ஒற்றை ஆளாக இரண்டு முழு வரிசையைச் சாய்த்துப் போட்டுவிட்டார். அவருடைய வெட்டுக் கும்பலில் மற்ற பத்துப் பேரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாயுடு வயலில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். லாரியும் அங்கேதான் போனது.

வெட்டிய கரும்பைத் திரும்ப நட முடியாது. லாரி வராவிட்டால் வெயிலில் காய்ந்து விறகாகிவிடும். லம்பாசா சர்க்கரை மில்லில் அதைத் தொடக்கூட மாட்டார்கள்.

"நாளைக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்னு சர்தார் சொல்லிட்டாரு" என்றார் அப்பா. சர்தார்தான் அந்தக் கும்பலின் தலைவர். தட்டில் ரொட்டியும் டின் மீனும் அப்படியே இருந்தன.

ஷலேஷ்னிக்குப் பதினொரு வயது. அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது.

"ஏம்ப்பா அங்க போனீங்க?"

"நேத்து சாயங்காலம் அங்கதான் வரச் சொன்னாரு. அப்புறம் மாத்திட்டாராம். வாட்ஸப் குரூப்ல போட்டாராம்."

"உங்க போன்லதான் நெட்டே இல்லையே!"

"பேசறதுக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பறதுக்கும் ரீசார்ஜ் பண்ணிருக்கேன்ல? கரும்புக்காட்டுல நெட்ட வச்சு என்ன பண்ண?"

"அதை அவர்கிட்ட சொல்லலாம்ல?"

அப்பா கழுத்தைச் சொறிந்தார். "எல்லாரும் பாத்துட்டேன், பாத்துட்டேன்னு சொல்றாங்க. நான் மட்டும் எப்படி இல்லைன்னு சொல்றது?"

தகரச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது ஷலேஷ்னிக்கு. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சர்தார் ராம்சரண் வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இலைசா மாமா. அவரும் அதே கும்பலில் வெட்டுகிறவர்தான்.

"பொண்ணத் தூது அனுப்பிட்டானா உங்கப்பன்?" என்றார் சர்தார்.

"அவருக்கு நான் வந்ததே தெரியாது. நீங்க போட்ட மெசேஜ் அவருக்கு வரல சர்தார்."

"எப்படி வராம போகும்? நான் போட்டேனே!"

"போட்டீங்க. போய்ச் சேரல."

"இலைசா பாத்தான். என்னடா இலைசா?"

"பாத்தேன், பாத்தேன்" என்றார் இலைசா மாமா, வேகமாக.

"போனக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள் ஷலேஷ்னி. நேற்றைய செய்தியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். ஒரு பட்டியல் வந்தது. "யார் யாருக்குப் போய்ச் சேந்துச்சோ அவங்க பேரு மட்டும் இதுல இருக்கும். எண்ணிப் பாருங்க."

சர்தார் கத்தியைக் கீழே வைத்தார். தடித்த விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு எண்ணினார். ஆறு. மறுபடி எண்ணினார். அப்போதும் ஆறுதான்.

"பதினோரு பேருல ஆறுதானா? டேய் இலைசா, உன் பேரக் காணோமேடா!"

இலைசா மாமா வானத்தைப் பார்த்தார்.

"காலைல சரியா நாயுடு வயலுக்குத்தானே வந்த?"

"எல்லாரும் ஆத்துப் பக்கம் போறத சமையக்கட்டு சன்னல்லேருந்து பாத்தேன். பாத்தேன்னுதானே சொன்னேன்!"

சர்தாருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

"அப்ப தினமும் அஞ்சு பேருக்கும் நான் தனித்தனியா போன் போடணுமா? எனக்கு வேற வேலை இல்ல?"

"வேண்டாம். எஸ்.எம்.எஸ். அனுப்புங்க. ஒரே தடவ எழுதி அஞ்சு பேருக்கும் சேத்து அனுப்பலாம். நெட் வேண்டாம்."

அவளே ஐந்து எண்களையும் சேர்த்து வைத்தாள். மூன்று முறை அவரையே அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். முதல் இரண்டும் காலியாகப் போயின. மூன்றாவதில் 'நாளை' என்று மட்டும் இருந்தது.

"நாளைக்கு எங்க, சர்தார்?"

அவர் கத்தியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "உங்கப்பன் வெட்டிப் போட்ட வயல்லதான். ரெண்டு வரிசையக் காய விட முடியுமா? லாரிக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"அப்ப அப்பா?"

"வராம எங்க போவான்? அவன் பாதி வேலைய முடிச்சே வச்சிருக்கான்."

மறுநாள் விடியும்போதே அப்பாவின் போன் சிணுங்கியது. சொன்ன நேரம், சொன்ன வயல். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு, விசிலடித்தபடி வாசலுக்கு வந்தார்.

ரோட்டில் இலைசா மாமா கொட்டாவி விட்டபடி நின்றிருந்தார்.

"என்ன மச்சான் இது?" என்றார் அவர் அப்பாவிடம். "நல்லாத் தூங்கிட்டு, சன்னல்ல எல்லாரும் போறதப் பாத்தப்புறம் கெளம்பிட்டிருந்தேன். இப்ப விடியும்போதே மெசேஜ் வந்து எழுப்பிடுது. அதையும் கெடுத்துட்டாளே உன் பொண்ணு!"