வயிறு நிறைந்த குட்டிகள்

பாலைச் சூடாக்கி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்து, மருந்துக் குழலில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு சின்னவள் பின்னறைக் கதவைத் திறந்தபோது பூனைக்குட்டிகள் கத்தவில்லை. மற்ற நேரங்களில் தாழ்ப்பாள் அசைந்தாலே போதும். கண்கூடத் திறக்காத அந்தப் பதினோரு ஜீவன்களும் ஆளுக்கொரு சுருதியில் வீட்டை இரண்டாக்கிவிடும். இன்று துணிக்கூடைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடந்தன.

ஒன்றை எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. வயிறு மட்டும் ஊதிய பலூனாக விறைத்திருந்தது. குழல் நுனியை வாயருகே கொண்டுபோனால், விருந்துக்குத் தலைமைதாங்கிவிட்டு வந்த பெரிய மனிதரைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரோமம் ஈரமாக, கழுத்திலிருந்து வால்வரை ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. யாரோ நக்கிவிட்டிருக்கிறார்கள். பூனை நாக்கு என்றால் சின்னச் சின்னக் கோடுகள் விழும். இதில் கோடுகளே இல்லை. நாக்கு ஒரே ஒரு முறை போயிருந்தது, குட்டியின் முதுகு முழுவதையும் மூடும் அகலத்தில்.

அறையில் ஒரு வாடை. நெடுநாள் திறக்காத பெட்டிக்குள் ஈரத்துணி கிடந்து புழுங்கினால் வருவது. அதற்கடியில் பாலின் புளிப்பு. ஜன்னலின் கொசுவலை கிழியவில்லை. கதவை வெளியே தாழிட்டவள் அவளேதான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. குனிந்து செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் உள்ளே போனது. எதிலும் பட்டுத் திரும்பவில்லை.

தூசியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

குட்டிகள் அக்கா கொடுத்தவை. அக்கா பிராணி நேசர் கழகத்தின் தலைவி. அவள் வீட்டில் பிராணி எதுவும் கிடையாது, சோபா கெட்டுவிடும். ஆனால் காயம்பட்ட புறாவோடு, அனாதை நாயோடு, கால் ஒடிந்த ஆட்டோடு அவள் நிற்கும் படங்கள் கூடம் முழுக்க மாட்டியிருக்கும். படம் எடுத்து முடிந்ததும் அந்தப் பிராணிகள் எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது கருணைக்குக் குறைவு. அக்காவின் கணவர், சின்னவளுக்கு மாமா, மனைவி காதில் விழாத தூரத்தில் அவளைக் கருணைக்கடல் என்பார்.

அந்தக் கருணைக்கடல் போன வாரம் கூடையோடு இந்த வாசலில் வந்து நின்றது. "தாய் செத்துப்போச்சுடி. உன்னைவிட்டா இதுக்குப் பொறுமையான ஆள் யாரு?" என்றாள். பிறந்ததிலிருந்து அக்கா தனக்காக அவளிடம் கேட்ட முதல் உதவி அது. அந்த ஒரு வார்த்தைக்காகச் சின்னவள் இடைவிடாமல் பால் காய்ச்சினாள். வெந்நீர்ப் பையை மாற்றினாள். ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றின் அடிவயிற்றையும் தடவி மூத்திரம் போகவைத்தாள். பதினொன்றையும் பிழைக்கவைத்து அக்கா கையில் ஒப்படைத்துவிட்டால் போதும். அக்கா ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள்.

செல்போனில் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, தாய் செத்துப்போச்சுன்னு நல்லாத் தெரியுமா?"

"கூட்டத்துல இருக்கேன். இப்ப என்ன அதுக்கு?"

"யாரோ பால் குடுத்திருக்காங்க."

அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தமில்லாத ஒரு கேள்வி. "நீ அதுங்களை வெறும் கையாலதானே தூக்கறே?"

"பின்ன, கரண்டியாலயா தூக்குவாங்க?"

"நல்லது, நல்லது," என்றாள் அக்கா. அவ்வளவு நிம்மதியான குரலை அவளிடம் சின்னவள் கேட்டதே இல்லை.

மத்தியானத்துக்குமேல் வேலை இருந்தது. மன்னிப்புக் கேட்பது அவளுடைய உத்தியோகம். வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் திட்டுவார்கள். அவள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வீட்டில் இருந்தபடியே கம்பெனிக்காக வருந்துவாள். வெளியே மழைக்கு மூட்டம் கட்டியிருந்தது. பின்னறைச் சுவரை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து நான்கைந்து பேருக்கு வருந்திய பிறகு ஒரு பெரியவர் இணைப்பில் வந்தார்.

"துணி சுத்தறப்ப கர்ருனு ஒரு சத்தம்ங்க. வீட்ல இருக்க முடியல."

"உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம் சார். எனக்கே கேக்குது."

நிஜமாகவே கேட்டது. கனமான, சீரான, நெஞ்செலும்பில் அதிரும் சத்தம்.

"என்ன மேடம் கேக்குது? நான் இன்னும் மெஷினைப் போடவே இல்லையே."

ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் நிற்கவில்லை. சுவர் வழியாக வந்தது. பூனை மடியில் படுத்து உறுமுமே, அதே உறுமல்தான். மேஜையிலிருந்த தண்ணீர்க் குவளையில் வளையம் வளையமாக அலை.

அவள் எழுந்ததும் நின்றுவிட்டது.

பின்னறைக்குள் போய்ப் பார்த்தாள். கூடையில் நான்கு குட்டிகள்தான் இருந்தன. ரத்தமில்லை, ரோமமில்லை. போனவை ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் போயிருந்தன. குவியல் கலைந்ததில் அடியில் விரித்திருந்த துணி தெரிந்தது. நீலப் பூப்போட்டது, கிழித்து மடித்தது. அவளுடைய நைட்டி. கூடை வருவதற்குச் சற்று முன், ஏழைகளுக்கு என்று அக்கா கேட்டு வாங்கிப்போனது.

மறுபடி கூப்பிட்டாள். எடுத்தவர் மாமா. கிசுகிசுத்தார்.

"அவ நாளைக்கு விருது வாங்கப் புடவை தேய்ச்சிட்டிருக்கா. குட்டிங்க இருக்காம்மா?"

"நாலுதான் மாமா இருக்கு."

"அப்ப வந்துடுச்சு."

"எது?"

"தாய்தான்."

"செத்துப்போச்சுன்னாளே!"

"யாரு பார்த்தா? அந்தப் பாழடைஞ்ச கட்டடத்துல, தரைக்கு அடியில குட்டிங்க மட்டும் கிடந்துச்சு. தாய் இரைக்குப் போயிருக்கும். போட்டோக்காரன் வெளிச்சம் போயிடும்னு பறந்தான். மீட்டுட்டேன்னு இவ அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துட்டா. அன்னிலேர்ந்து எங்க சுவத்துக்குள்ள கர்ருனு ஒரு சத்தம். இவ தலைமாட்டுலயேம்மா. குட்டிங்க மேல இவ வாசனை ஏறியிருந்துச்சுல்ல, அது அந்த வாசனையைத் தேடி வருது. அதான் ஷாம்பு போட்டுக் கழுவிட்டு, உன் துணியால தேய்தேய்னு தேய்ச்சு..."

போன் கைமாறியது.

"அவர் உளர்றதைக் கேக்காதே," என்றாள் அக்கா.

"என் நைட்டியை எதுக்குக்கா கிழிச்சே?"

நீண்ட பெருமூச்சு. மேடைக் குரல் அவளிடமிருந்து கழன்று விழுந்தது. "எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்கடி. கழகம் இருக்கு. நாளைக்கு விழா இருக்கு. உனக்கு யாரு இருக்கா, நீயே சொல்லு."

சின்னவள் யோசித்தாள். அக்கா இருக்கிறாள் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த பதில்.

இணைப்பைத் துண்டிக்காமலே போனைத் தரையில் வைத்தாள். கூடையை நகர்த்தி இடைவெளியின் வாயில் விட்டாள். எடுத்துக்கொள்ளட்டும். அதன் குட்டிகள். அது எடுத்துக்கொண்டு போய்விட்டால் முடிந்தது. பின்னால் நகர்ந்தாள். கதவில் முதுகு இடித்தது.

இருட்டு அசைந்தது. கூடை சரிந்தது. ஒரு குட்டி போனது. தலை, பிறகு உடம்பு, பிறகு வால். இன்னொன்று. எவ்வளவு மெதுவாக. எவ்வளவு பத்திரமாக. கடைசிக் குட்டி தானாகவே அந்தப் பக்கம் தவழ்ந்தது. கண் திறக்காத முகத்தில் அப்படியொரு அவசரம்.

கூடை காலி.

மூச்சு விட்டாள். திரும்பித் தாழ்ப்பாளைத் தொட்டாள்.

தரையில் போன் பேசியது. "ஏய், இருக்கியா? எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடுச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லிடு."

பின்னால் முகரும் சத்தம்.

கூடையை. தரையை. அவள் குதிகாலை.

அந்த வாடை. பிடரியில் சூடான ஈரக்காற்று. சொரசொரப்பாக ஏதோ ஒன்று, முதுகின் அடியிலிருந்து உச்சந்தலைவரை, ஒரே முறை.

கத்த வேண்டும். வாய் திறந்தது. வந்தது ஒரு சிணுங்கல்.

பற்கள் பிடரியைக் கவ்வின. வலிக்கவில்லை. அவ்வளவு பதமாக. அவள் கைகள் மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டன. முழங்கால்கள் தாமாக வயிற்றை நோக்கிச் சுருண்டன. கண் சொக்கியது. தாழ்ப்பாள் விரலைவிட்டு நழுவியது. தரை கீழே போனது.

கை அகல இடைவெளிக்குள் அவள் நுழைந்தாள். தோள் இடிக்கவில்லை. உள்ளே சுவர் இல்லை. பள்ளத்தாக்குபோல ஓர் அடிவயிறு சாய்ந்து கிடந்தது. பதினோரு குட்டிகளும் வரிசையாக அதில் வாய்வைத்து, பாதங்களால் பிசைந்து பிசைந்து குடித்துக்கொண்டிருந்தன. வரிசையின் நடுவில், ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு, இடம் ஒதுக்கிவைத்திருந்தது.