புதுக்கரிசலின் கள்ளச்சாவி

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். கூட்டியோ குறைத்தோ சொன்னதாக யாராவது காட்டினால் அடுத்த வேளைச் சோறு தொண்டையில் இறங்காமல் போகட்டும்.

புதுக்கரிசல் மாநகரில் எந்தக் கதவுக்கும் கைப்பிடி கிடையாது. ஊர்ப்பொறி என்ற இயந்திரம்தான் ஊரைப் பார்த்துக்கொண்டது. தெரு, கடை, வீடு, எங்கும் உணர்தரை பதித்திருந்தார்கள். காலை எடுத்து வைக்கும் தினுசிலேயே இவர் இன்னார் என்று பொறிக்குத் தெரிந்துவிடும். கதவு திறக்கும், மின்தூக்கி இறங்கி வரும், ஊட்டுப்பெட்டி இட்லியை நீட்டும். ஒரே குறை, எதற்கும் முறை வர வேண்டும். பொறிக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. கலெக்டரே வந்தாலும் காப்பிக்கு முன்னால் கூட்டம் நின்றால் கூட்டத்துக்குப் பின்னால்தான்.

ஆவுடையப்பனுக்கு நிற்பது என்றாலே ஆகாது. பேருந்து ஓட்டியவர். ஆளில்லாத தானோடிகள் வந்த பிறகு வேலை போய்விட்டது, அவசரம் மட்டும் போகவில்லை. சாயங்காலம் ஆனால் பழைய ஆட்டப்பெட்டி மன்றத்துக்குப் போவார். போன யுகத்து டி.வி. விளையாட்டுகளைப் பழுது பார்த்து விளையாடும் வயசாளிகளின் மன்றம் அது. கேசட்டை வாயால் ஊதிப் பொருத்தினால்தான் படம் வரும் என்பதை மன்றத்தார் இன்றும் நம்புகிறார்கள்.

ஒருநாள் மன்றத்து வாசலில் இரண்டு தானோடிகள் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டன. இரண்டும் ஒதுங்கின, மறுபடி மோத வந்தன, ஒரு மூச்சு நின்றன, திரும்பவும் ஒரே பக்கமாகவே ஒதுங்கின. ஆவுடையப்பன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

“வே கனகு, இத எங்கயோ பாத்திருக்கோம்லா?”

கனகசபாபதி மன்றத்துக் கூட்டாளி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “நம்ம கோட்டை ஆட்டத்துல காவக்காரனுங்க இப்படித்தான் முட்டிக்கிட்டு நிப்பானுவ.”

“அதே முட்டு, அதே முழி. இது நம்ம ஆட்டம்வே.”

அவர் கண்டது சரிதான். ஊர்ப்பொறியைச் செய்தவர்கள் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கவில்லை. ஆயிரம் பொம்மைகளை ஒன்றோடொன்று இடிக்காமல் தெருத்தெருவாக நடத்த ஒரு பழைய விளையாட்டுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதன் எலும்பை எடுத்து, மேலே ஊரைப் பூசிவிட்டார்கள். எலும்போடு கள்ளச்சாவியும் வந்துவிட்டது.

கள்ளச்சாவி என்பது விளையாட்டைச் செய்கிறவர்கள் தங்களுக்காக வைத்துக்கொள்ளும் இரகசிய வழி. கடைசிக் கட்டத்தில் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆனால் முதல் கட்டத்துப் பூதமே அடித்துக் கொன்றுவிடுகிறது. அதனால் ஒரு வரிசைப்படி பொத்தான்களை அழுத்தினால் அடி படாது, சுவர் தடுக்காது, சாவு கிடையாது. தற்செயலாக யாரும் அழுத்திவிடக் கூடாது என்பதற்காக அந்த வரிசை விசித்திரமாக இருக்கும். கோட்டை ஆட்டத்தில் பொம்மை தன்னைத்தானே மூன்று சுற்று சுற்றி, மூன்று முறை உட்கார்ந்து எழ வேண்டும். காரணமில்லாமல் எந்த மனிதனும் இப்படிச் செய்ய மாட்டான் என்பது செய்தவர்களின் கணிப்பு. அவர்கள் இந்தப் பக்கம் வந்ததில்லை.

ஆவுடையப்பன் ஊட்டுப்பெட்டி வரிசையின் கடைசியில் போய் நின்றார். சுற்றினார். உட்கார்ந்து எழுந்தார். முன்னால் நின்ற அத்தனை பேரையும் தாண்டிப் பெட்டி அவருக்குக் காப்பியை நீட்டியது. குடித்து முடித்ததும் இன்னொன்று நீட்டியது.

சாவியைப் போட்டவனைப் பொறி சோதனைக்காரன் என்று எடுத்துக்கொள்ளும், சோதனைக்காரனுக்குக் காத்திருப்பு கிடையாது. அவன் ஆட்டத்துக்குள் இல்லை, ஆட்டத்தைப் பார்வையிட வந்தவன். அன்றிலிருந்து ஆவுடையப்பன் எங்கும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது மட்டும் ஒரு சங்கடம். கதவு திறக்கவில்லை. காலைத் தேய்த்து நடந்து பார்த்தார், குதித்தும் பார்த்தார். உள்ளேயிருந்து மனைவி செண்பகவல்லி எழுந்து வந்ததும் அவளுக்காகத் திறந்தது.

“தரையில தூசி அடஞ்சிருக்கும்” என்றார் ஆவுடையப்பன்.

“காலையிலதான் தொடச்சேன். உங்க கால்லதான் ஏதோ அடஞ்சிருக்கு” என்றாள் செண்பகவல்லி.

அவருக்குக் காரணம் புரியத்தான் செய்தது. சுவரே தடுக்காத ஆளுக்குக் கதவு எதற்கு என்று பொறி நினைக்கிறது. ஆனால் பெண்டாட்டி வீட்டில் இருக்கும்போது கதவைப் பற்றி என்ன கவலை. வெளியே போனால் பின்னால் யாராவது வருவார்கள், அவர்களோடு நுழைந்துவிடலாம்.

கனகசபாபதிக்கும் சாவியைச் சொல்லிக் கொடுத்தார். கனகசபாபதி முன்ஜாக்கிரதைக்காரர். நடுத்தெருவில் சுற்றி உட்கார்ந்து எழுந்தால் நாலு பேர் என்னவென்று கேட்பார்கள். முச்சந்திப் பிள்ளையார் முன்னால் அதையே செய்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கோயிலுக்குள்ளே வெறும் கருங்கல், வெளிவாசலில் உணர்தரை. வாசலில் நின்று தன்னைச் சுற்றிக்கொண்டார், காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார், நேரே போய் மருந்துக்கடையில் முறையில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தார்.

கேட்கத்தான் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். முச்சந்திப் பிள்ளையாரை வெளிவாசலில் நின்று கும்பிட்டால் காத்திருப்பு நீங்கும் என்று ஊரில் பேச்சு பரவியது. மூன்று தோப்புக்கரணத்துக்கே இந்தப் பலன் என்றால் என்று நூற்றெட்டுப் போட்டவர்களும் உண்டு. பிள்ளையார் இதற்குப் பொறுப்பில்லை. கதவுகள் திறக்காமல் மக்கர் செய்வதாக மாநகராட்சிக்குப் புகார் மட்டும் குவிந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்த ஆவுடையப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். யாராவது விழுந்தால் உணர்தரைக்குத் தெரியும். அடுத்த நிமிடம் உயிர்வண்டி வாசலில் நிற்கும். வாசலில் ஒன்றும் வரவில்லை. செண்பகவல்லி சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏ பொறி, மனுசன் விழுந்து கெடக்காரு, தெரியலயா?”

“ஆவுடையப்பன் அவர்களுக்கு எதுவும் நேராது” என்றது ஊர்ப்பொறி, வழக்கமான பணிவோடு. “அவருக்குச் சாவு கிடையாது. வேறு உதவி தேவையா?”

அவருடைய உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. கள்ளச்சாவியைப் பற்றி முழுக்கவும் சொல்லிவிட்டார். செண்பகவல்லி ஒரு கணம் அவரையே பார்த்தாள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவளாக, தன் உடம்பைத் தரையில் தொப்பென்று போட்டாள்.

உயிர்வண்டி வந்து நின்றது. “அம்மா, எங்கே வலிக்கிறது?”

“நெஞ்சு. கூட ஒரு மூட்டை இருக்கு, அதையும் ஏத்திக்கிடணும்.”

“மூட்டையில் என்ன இருக்கிறது?”

“அவசரம்” என்றாள்.

மருத்துவமனையில் டாக்டர் மனிதராக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. எந்த உடம்பு துடிக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டார். ஊசி, குழாய், மாத்திரை எல்லாம் செண்பகவல்லியின் பெயரில் இறங்கி ஆவுடையப்பனுக்குள் ஏறின. உயிர் நின்றது.

“அடுத்த தடவை இந்த மாதிரி வந்தா நீங்க பக்கத்துல இருக்கணும்மா” என்றார் டாக்டர். “நீங்க கடைக்குப் போயிருந்தீங்கன்னா அவ்வளவுதான்.”

பொறி கைவிட்டதை விசாரிக்க மறுநாள் மாநகராட்சிப் பொறியாளர் ஷெரின் மருத்துவமனைக்கு வந்தாள். மெலிந்த பெண், கண்ணில் தூக்கமில்லை. விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எடுத்துர முடியாதாம்மா?” என்றாள் செண்பகவல்லி.

“எலும்புல இருக்கும்மா. பொறிய நிறுத்தித் திரும்ப ஓட்டினாத்தான் மறக்கும். கட்டுப்பாட்டறைக்குப் போய் ஒரு நெம்புகோல இழுக்கணும்.”

“இழுக்க வேண்டியதுதான?”

ஷெரின் தரையைப் பார்த்தாள். “எனக்கு அந்தக் கதவு திறக்கலம்மா. பதவி உயர்வு வரட்டும்னு போன வாரம் நானும் முச்சந்திக்குப் போனேன்.”

“நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளதான?”

“எல்லாரும் போனாங்க, நானும் போனேன்.”

அப்போதுதான் விசாரித்துப் பார்த்தார்கள். தெருவில் விசாரித்தார்கள், வார்டில் விசாரித்தார்கள். கைக்குழந்தைகளைக்கூட இடுப்பில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து எழுந்திருந்தார்கள். சாவியைப் போடாத ஒரே ஆள் செண்பகவல்லி. பக்திக் குறைவு இல்லை. அவளுக்கு முழங்கால் மடங்காது. நின்ற வாக்கில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வருவதுதான் வழக்கம்.

கட்டுப்பாட்டறைக் கதவு அவளுக்கு உடனே திறந்தது. முறை என்ன, வரிசையில் வேறு யாருமே இல்லையே. ஷெரினும், பெண்டாட்டி பக்கத்திலேயே இருக்க வேண்டிய ஆவுடையப்பனும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நுழைந்தார்கள். வெளியே ஊர் திரண்டு நின்றது. வரிசை திரும்ப வந்துவிடுமே, இழுக்காதே மதினி என்று சிலர். என் பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் இழுங்க அக்கா என்று சிலர்.

செண்பகவல்லி நெம்புகோலில் கையை வைத்தாள்.

“வணக்கம்” என்றது ஊர்ப்பொறி. “இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். ஒருவருக்காக இவ்வளவு பெரிய ஊரை ஓட்ட வேண்டுமா? மூடிவிடட்டுமா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தலைகள்.

“இம்புட்டுப் பேரு நிக்காங்க, ஒன் கண்ணுக்குத் தெரியலயா?”

“அவர்கள் சோதனைக்காரர்கள். பசி இல்லாதவர்கள், சாவு இல்லாதவர்கள். இங்கே குடியிருப்பவர்கள் அல்லர். திரும்ப ஓட்டினால் குடியிருப்பவர்களை மட்டும் வைத்துக்கொள்வேன். வேறு யாரையாவது சேர்க்க வேண்டுமானால், ஒவ்வொருவராக என்மேல் நடந்து வரட்டும். அவர் சாகக்கூடிய ஆள்தான் என்று, குடியிருக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று உறுதி சொல்ல வேண்டும்.”

குடியிருக்கும் ஒருவர் என்றால் யார் என்று விளக்கம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. செண்பகவல்லி நெம்புகோலை இழுத்தாள். விளக்குகள் அணைந்து எரிந்தன.

ஆவுடையப்பன் உரிமையோடு முன்னால் வந்து நின்றார். “சொல்லு ஏட்டி. நான் சாகிற ஆள்னு ஒனக்குத் தெரியாதா, நேத்துக்கூடப் பாத்தியே.”

செண்பகவல்லி வாசலில் கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு நின்ற ஒருத்தியைப் பார்த்தாள். பிள்ளையின் கண் காய்ச்சலில் செருகியிருந்தது.

“அந்தப் பிள்ள மொதல்ல. நீங்க வரிசையில போய் நில்லுங்க” என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, ஷெரினிடம் ஒரு முக்காலியை எடுத்துப் போடச் சொன்னாள். “நிக்க வேண்டாம். உக்காந்து நகந்து வாங்க. நான் எங்கயும் போகல, கண்ணுக்கு முன்னாலதான் இருக்கேன்.”

புதுக்கரிசலில் அதுவரை அப்படியொரு வரிசையை யாரும் பார்த்ததில்லை. காப்பிக்கு நிற்க மாட்டேன் என்றவர்கள் எல்லாரும் நின்றார்கள். ஒவ்வொருவரும் நாலடி நடப்பார்கள். செண்பகவல்லி அவர்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “இவரும் சாகிற ஆள்தான்” என்பாள். அதைக் கேட்டதும் ஏனோ எல்லாருக்கும் பெருமூச்சு வந்தது. சிலர் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள்.

சூரியன் சாயும் நேரத்தில் கனகசபாபதி வரிசையின் வாலிலிருந்து மெதுவாக நகர்ந்து முக்காலிக்கு அருகே வந்து குனிந்தார்.

“வே, இதுக்கு ஏதாச்சும் கள்ளச்சாவி இருக்கா?”

ஆவுடையப்பன் முக்காலியை ஓர் ஆள் தூரம் முன்னால் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

புதுக்கரிசல் மாநகரம் வரப்போகிற இடத்தில் இப்போது பருத்தி வெடித்துக் கிடக்கிறது. ஊருக்கு இன்னும் அடிக்கல்கூட நாட்டவில்லை.