பதினோராம் கட்டிலின் மூச்சு

மதியம் இரண்டு மணி வேலைக்கு ரூபினி வார்டுக்குள் நுழைந்தபோது வெளியே மழை பிடித்திருந்தது. டெட்டால் வாடையோடு ஈரத்துணி நாற்றமும் கலந்து கிடந்தது. பதினோராம் கட்டில் காலி. திரையை மட்டும் யாரோ இழுத்து மூடியிருந்தார்கள்.

சிஸ்டர் மோகனா ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"நாளைக்கு ஆடிட். தனலெட்சுமியோட செப்சிஸ் பாரம் காலியா கெடக்கு. எழுதிரு லா."

தனலெட்சுமி போன செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிலில்தான் செத்தாள். பாகான் டாலாமிலிருந்து காலில் புண்ணும் உடம்பில் காய்ச்சலுமாக வந்தவள். செப்சிஸ் என்று கிருமி ரத்தத்தில் ஏறினால் முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சுதான். அதைக் கண்டுபிடித்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டும் என்பது விதி. ஆனால் மூச்சை எண்ண ஒரு முழு நிமிடம் வேண்டுமே! அந்த வார்டில் எல்லோருக்கும் நிமிடத்துக்கு இருபது மூச்சுதான். எண்ணாமலே எழுதுவார்கள். தனலெட்சுமிக்கு இருபது போட்டவள் ரூபினி. மருந்து ஏறியது ஆறு மணி நேரம் கழித்து.

"நான் எண்ணவே இல்ல சிஸ்டர்."

"இங்க யாருதான் எண்ணுறா? பெரிய டிகிரிக்காரி! உங்கப்பா லோரி ஓட்டிப் படிக்க வச்சாரு. வேலைய தொலைச்சிட்டு நிக்காத."

ரூபினி பேனாவை எடுத்தாள்.

திரைக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

மேலோட்டமாக. வேகமாக. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக, ஒரு முழு நிமிடம் எண்ணினாள்.

முப்பத்து நான்கு.

திரையை விலக்கினாள். துவைத்த விரிப்பு, சுருக்கம்கூட இல்லை.

தொட்டால் கொதித்தது.

திரும்பி வந்து இருபது என்றே எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

மூச்சு நிற்கவில்லை. கட்டிலை விட்டு எழுந்தது. நடந்து வந்து அவள் காதோரம் நின்றது.

மறுநாள் ஆடிட்காரர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். மோகனா கேக் வெட்டினாள்.

அன்றிலிருந்து ரூபினி யாருடைய மூச்சையும் எண்ணப் பார்க்காமல் விடுவதில்லை. எண்ணத்தான் முடியவில்லை. யார் நெஞ்சருகே குனிந்தாலும் காதில் அதே முப்பத்து நான்கு. யாருக்குக் கிருமி ஏறுகிறது, யார் பிழைப்பார், ஒன்றும் தெரியவில்லை.

நேற்று தங்கராஜு என்ற பெரியவர் காய்ச்சலோடு வந்து படுத்தார். ரூபினி குனிந்தாள். அவர் அவள் தோளுக்கு மேலே பார்த்துக் கிசுகிசுத்தார்.

"எனக்கு அவசரமில்ல மிஸ்ஸி. பின்னால நிக்கிற அம்மாவ மொதல்ல பாருங்க. ரொம்ப நேரமா காத்திருக்காங்க."