யன்னலில் இரண்டு மெழுகுதிரிகள்

தளபாடத் தொழிற்சாலையில் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கிய சிவபாதம், டெனிஷ் நகரமான சில்க்போர்க்கின் அந்தச் சின்னத் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். ஏரிப்பக்கமிருந்து வந்த காற்றில் புல் வெட்டிய வாசம் இருந்தது. தெருவின் இருபக்க யன்னல்களிலும் மெழுகுதிரிகள் அசைந்தசைந்து எரிந்தன. மே நாலாந் தேதி மாலையானால் டெனிஷ்காரர் தங்கள் நாட்டை ஜெர்மன் படை விட்டுப்போன நினைவுக்கு ஏற்றுகிற வெளிச்சம். அது அவனுக்குப் பழகியதுதான். மேல்மாடியில் தன் வீட்டு யன்னலிலும் இரண்டு எரிந்தன. அதுதான் பிழை.

படிகளில் ஓடினான்.

"ஆர் கொளுத்தினது?"

"நான்தான்," என்றாள் மனைவி செல்வமலர். "கீழ்வீட்டு மாக்கிரட் தந்தவ. அவையின்ர சண்டை முடிஞ்ச நாளாம். ஊரிலயும் முடியப்போகுதெண்டு ரேடியோவில சொல்லுறாங்கள். முடியட்டும் எண்டு நானும் கொளுத்தினன். ஏனப்பா, முகம் வெளிறிப்போச்சு?"

அந்த இரவைப் பற்றி அவளுக்கு அவன் சொன்னதேயில்லை. ஊரை, ஆயுதம் தூக்கிய இயக்கமே ஆண்ட காலம் அது. எதிர்த்துக் கதைத்தவர்கள் காணாமல் போவதைப் பொறுக்க முடியாமல், இயக்கத்துக்குள்ளேயே ஐந்து போராளிகள் தலைமை முகாமைப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள். ஐந்தாமவன் சிவபாதம். ஆயத்தமானவன் தன் யன்னலில் விளக்கு வைக்க வேண்டும், மற்றவர்கள் வந்து கூட்டிப்போவார்கள் என்பது பேச்சு. ஆனால் விஷயம் முன்பே கசிந்திருந்தது. விளக்கு எரிந்த வீடுகளுக்கெல்லாம் இயக்கத்தின் காவல் பிரிவுதான் போனது. சிவபாதம் மட்டும் பயத்தில், உரசாத தீக்குச்சியோடு இருட்டில் குந்தியிருந்தான். விடிந்தபோது மற்ற நால்வரும் உப்புநீர்க் களப்பின் சேற்றில் பிணமாகக் கிடந்தார்கள், ஒரே கயிற்றில் கைகள் பிணைக்கப்பட்டபடி.

ஊதினான். இரண்டு திரியும் புகைந்தன.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. புல் வாசம் இல்லை; அழுகிய தாழை, உப்பு, களப்புச் சேறு. கீழே தெருக்கதவு திறந்து மூடியது. படிகளில் வெறுங்கால்கள், ஈரமான கால்கள், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஏறி வந்தன.

"மாக்கிரட்டாக்கும்."

"திறவாதை!"

தட்டினார்கள். மெல்ல.

"சிவம், வெளிச்சம் கண்டனாங்கள். வெளிக்கிடு மச்சான்."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

"ஊர் ஆக்களப்பா! வாசலில விட்டு வைக்கிறதே?" செல்வமலர் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டுக் கதவடிக்குப் போனாள்.

"மலர், வேண்டாம்."

சாவி திரும்பியது.

"வாங்கோ, உள்ள வாங்கோ."

அவன் திரும்பவில்லை. யன்னல் கண்ணாடியைப் பார்த்தான். அணைத்த மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில், அவனுக்குப் பின்னால், வரிசையாக நாலு பேர். நீர் சொட்டச் சொட்ட. கைகள் ஒரே கயிற்றில். கயிற்றின் மிச்சம் தரையில் இழுபட்டு வந்து அவன் காலடியில் கிடந்தது.

நுனியில் ஒரு சுருக்கு. திறந்தபடி.