பொட்டு வைத்த பனிமலை

"ஆ... ஆ... ஆ...!"

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. அந்த அலறலில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் வீதியே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கடையில் வெண்டைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, வெண்டைக்காயும் கையுமாக ஓடி வந்து வாசலை அடைத்து நின்றார். வேடிக்கை என்றால் விடுவாரா?

அலறியது யூலியன். கழுத்தில் பட்டுத் துணி சுற்றிய பிரெஞ்சுக்காரன்.

அலறிய இடம், இராஜதுரையின் படக்கடை. சாமிப் படம் விற்பார். யார் எதைக் கொடுத்தாலும் பிரேம் போடுவார்.

"ரத்தம்! என் ஓவியத்தில் ரத்தம்!" என்று பிரெஞ்சில் கத்தினான்.

மேசையில் கிடந்தது, போன கிழமை அவன் பிரேம் போடக் கொடுத்த ஓவியம். ஆல்ப்ஸ் மலை. பனிச் சிகரம். அடிவாரத்தில் நீல ஏரி.

சிகரத்தின் உச்சியில்... சிவப்பாக ஒரு வட்டம்!

இராஜதுரை விரலால் தொட்டார். மணந்து பார்த்தார். வெளிறிப் போனார்.

ரத்தமில்லை... குங்குமம்!

"கோசலை...!"

மனைவி கோசலை உள்ளேயிருந்து வந்தாள். கையில் பன்னீர்ச் செம்பு!

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறாய்?"

"இண்டைக்கு வெள்ளியெல்லே? கடையிலை இருக்கிற எல்லாப் படத்துக்கும் பொட்டு வைச்சனான்."

"இது சாமிப் படமே?"

"பனிமலை... கீழை தண்ணி... கயிலாயமும் மானசரோவரும்தானே? விழுந்து கும்பிட்டும் போட்டன்!"

யூலியன் ஒரு தாளை ஆட்டினான்.

"1868-ஆம் ஆண்டு எண்ணெய் ஓவியம்! சேதமானால் கடை எனக்கு. இதோ உன் கையெழுத்து!"

இராஜதுரை தாளை வாங்கிப் பார்த்தார். நாலு பக்கப் பிரெஞ்சு. எந்த இடத்தில் கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டுக் கொடுத்திருந்தார், மகா கெட்டிக்காரர்!

இருபத்திரண்டு வருடக் கடை... போச்சு! அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

யூலியனே பொலிசை அழைத்து எல்லாவற்றையும் சொன்னான்.

வந்தவள் நிருபா. பக்கத்து நகரமான செவ்ரானில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொலிஸ்காரி. தமிழ் கொஞ்சம் தடக்கும்.

"போன்ஜூர் அன்ரி. ஆர் இதுக்குப் பொட்டு வைச்சது?"

"நான்தான் பிள்ளை. இப்ப துடைச்சு விடுறன்."

"நோன் அன்ரி! தொடாதேங்கோ!"

பதற்றம் வந்தால் கோசலையின் கை சும்மா இருக்காது. பன்னீரைத் தெளித்தாள். துணியால் ஒரு தேய்!

பொட்டுப் போனது. பன்னீர் வழிந்து ஏரியில் இறங்கியது...

ஏரி கரைந்தது!

"நிறுத்து!" யூலியன் பாய்ந்தான். குரலில் இப்போது கோபமில்லை... பயம்!

நிருபாவின் புருவம் உயர்ந்தது.

"நூற்றைம்பது வருசத்து எண்ணெய்ப் பெயின்ற்... பன்னீரிலை கரையுமா? அன்ரி, இன்னும் துடையுங்கோ!"

கோசலை துடைத்தாள். நீலமெல்லாம் துணியில் வந்தது.

முதலில் ஒரு சூலம். அப்புறம் ஒரு பாம்பு. அப்புறம்...

புலித்தோலில் சிவபெருமான்! பக்கத்தில் பார்வதி! இவ்வளவு நேரமும் ஏரிக்கடியில் மூச்சடக்கி இருந்திருக்கிறார்கள்!

கீழே சின்ன எழுத்தில்: 'இராஜதுரை படக்கடை, லா ஷப்பல்.'

"இது எங்கடை கடைப் படம்!" இராஜதுரை துள்ளினார்.

சாயம் வெளுத்தது. இங்கேயே மலிவாக ஒரு கயிலாயப் படம் வாங்கியிருக்கிறான். மலையை அப்படியே விட்டு, சாமிகளை மட்டும் நீர்ச்சாய ஏரியால் மூடியிருக்கிறான். 'சேதம்' என்று கூச்சலிட்டுக் கடையைப் பிடுங்கத் திட்டம்!

யூலியன் வாசலுக்கு ஓடினான். வெண்டைக்காய்ப் பெண்மணி அசையவில்லை.

கிளிக்! கைவிலங்கு.

"நான் அப்பவே சொன்னனான், கயிலாயமெண்டு. ஆர் கேட்டது?" என்றாள் கோசலை.

"வாறன் அன்ரி. ஸ்ரேசனுக்குக் கொண்டு போய் இவரைப் போட்டோ எடுக்கவேணும்."

"எடுத்திட்டு இஞ்சை கொண்டு வா பிள்ளை, பிரேம் போடுவம். வெள்ளிக்கிழமையெண்டா... பொட்டு இலவசம்!"